ஐந்து மலைகளின் ஜெபக் குறிப்பு

(பரமத்தி வேலூரில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

எழுபதை நெருங்கிய ஒரு பெண்மணிக்கு, அவரை இந்தியாவுக்கு அனுப்பி வைத்த மிஷன் 1940-களின் பிற்பகுதியில் ஓய்வு கொடுத்தது. வயதாகிவிட்டது, மலைக்காய்ச்சல் பல முறை வந்துபோன உடம்பு, விழுந்தால் தூக்கிவிட ஆளில்லாத இடத்துக்கு இனியும் அனுப்ப முடியாது என்பது மிஷன் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். பெண்மணியும் சண்டை போடவில்லை, ஓய்வை வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு, இனி தான் மிஷனின் ஊழியர் இல்லை, ஆகவே தன்னைத் தடுக்கும் அதிகாரம் மிஷனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கொல்லிமலைக்கு ஏறிப்போனார்.

அவர் பெயர் எவ்லின் பிராண்ட். ‘பிராண்ட் பாட்டி’ என்றால் இன்னும் சிலருக்குப் புரியும். லண்டனில் வசதியான வணிகர் வீட்டில் 1879-இல் பிறந்தவர், ஓவியம் படித்தவர், பட்டுடுத்தி வளர்ந்தவர். 95 வயது வரை வாழ்ந்து, 1974 டிசம்பரில் இறந்து, கொல்லிமலை மண்ணிலேயே கணவர் அருகே புதைக்கப்பட்டவர். அவருடைய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தியாகம், தொண்டு என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுவார்கள். அந்த வாழ்க்கையின் அச்சாணி வேறோர் இடத்தில் இருந்தது. எவ்லினும் அவர் கணவர் ஜெஸி பிராண்டும் மணமான புதிதில் ஐந்து மலைகளின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினார்கள்: கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை, பெரியமலை. கணவர் ஒரு மலையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். மீதி நான்கும் மனைவியின் ஜெபத்தில் தங்கிவிட்டன. ஓய்வு பெற்ற கிழவியை மறுபடி மலைக்கு விரட்டியவை அந்தப் பெயர்கள்தான்.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஜெபக் குறிப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வேதப் புத்தகத்துக்குள் நான்காக மடித்த ஒரு தாள். சின்னவனின் பத்தாம் வகுப்புப் பரீட்சை, பெரியப்பாவின் சர்க்கரைப் புண், எதிர்வீட்டு அக்காவுக்குக் குழந்தை, கட்டி முடியாத வீட்டுக்கு வாங்கிய கடன் என்று அதில் வரிசையாக இருக்கும். மாலையில் பாயை விரித்து உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடி, ஒரு அதிகாரம் வாசித்து, பிறகு முழங்கால் போட்டு, தாளில் உள்ளதை வீட்டுப் பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். பிள்ளைகள் கண்ணை மூடியபடி எப்போது ஆமென் வரும் என்று காத்திருக்கும்.

அந்தத் தாளை வெறும் விண்ணப்பப் பட்டியலாகப் பார்ப்பவர் அதில் பாதியைத்தான் பார்க்கிறார். எதிர்வீட்டு அக்காவின் பெயரைத் தினமும் சொல்லி ஜெபிக்கிறவர், மறுநாள் காலை குழாயடியில் அந்த அக்காவைப் பார்த்தும் பார்க்காதவர்போல் போக முடியாது. பேர் சொல்லிக் கேட்ட காரியம் கேட்டவர் தலையிலேயே வந்து உட்காரும். ஜெபத்தின் மதிப்பு என்ன என்ற கேள்விக்குப் பதில் தேடிக் கொல்லிமலை வரை போவதற்குக் காரணம் இதுதான். அங்கே ஒரு குறிப்பு அறுபது ஆண்டுகளுக்கு மேல் மனிதர்களை எங்கெல்லாம் நடக்க வைத்தது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

தமிழுக்கும் கிறிஸ்தவ ஜெபத்துக்கும் உள்ள உறவு பழையது. அச்சில் ஏறிய முதல் தமிழே ஜெபந்தான். 1554-இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்யா’ என்ற சிறு நூல், ரோமன் எழுத்தில் தமிழ் ஜெபங்களைக் கொண்டது. அதற்குப் பத்தாண்டு முன்னால் முத்துக்குளித்துறையில் பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். மொழி தெரிந்தவர்கள் உதவியோடு தமிழாக்கிய ஜெபங்களை அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். நோயாளி வீட்டுக்குத் தான் போக முடியாதபோது பிள்ளைகளை அனுப்பி ஜெபம் சொல்லவைத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஜெபம் சொல்லத் தெரிந்தவர் நோயாளி வீட்டுக்குப் போயாக வேண்டும் என்ற ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது.

சேலம் நாமக்கல் சமவெளிக்குள் கிறிஸ்தவ ஜெபம் வந்ததும் பழைய கதையே. மதுரையிலிருந்து புறப்பட்ட ராபர்ட் தெ நொபிலி 1623-இல் சந்நியாசிக் கோலத்தில் சேந்தமங்கலம் வந்தார். அங்கே ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் மரியாதையோடு வரவேற்றார். அங்கிருந்து சேலம் போனார். இரண்டு ஆண்டு கழித்து, சேலத்து ஆட்சியாளரின் உறவினரான திருமங்கல நாயக்கர் ஞானஸ்நானம் பெற்றார். அதே சேந்தமங்கலத்தில்தான், ஏறக்குறைய 290 ஆண்டுகளுக்குப் பிறகு, 1913 ஆகஸ்டில் ஜெஸி பிராண்டுக்கும் எவ்லினுக்கும் கல்யாணம் நடந்தது. நடுவில் சமவெளி எவ்வளவோ மாறியிருந்தது. மலை அப்படியே இருந்தது.

இன்றைக்குப் பரமத்தி வேலூரில் காலையில் பஸ் ஏறினால் நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி தாண்டி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி, மதியச் சாப்பாட்டுக்கு மலைமேல் செம்மேடு போய்விடலாம். அன்றைக்குச் செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான். கல்யாணம் முடிந்த அன்றே புதுமணத் தம்பதி மலையேறினார்கள். எவ்லின் டோலியில். வழியில் மழை கொட்டித் தீர்த்தது. லண்டனிலிருந்து வந்த கல்யாண உடுப்பு சேறாகிப்போனது. மேலே வாழவந்தி நாட்டில் ஜெஸி தன் கையாலேயே கட்டிய வீடு இருந்தது. இங்கிலாந்தில் கட்டட வேலை தெரிந்த குடும்பத்தவர் அவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனரிகளுக்கான மருத்துவப் படிப்பும் படித்திருந்தார். அனுப்பியது ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். பெயருக்கேற்ற கண்டிப்பான சபை.

கொல்லிமலைக்குச் சமவெளிக்காரர்கள் அந்தக் காலத்தில் ஏறத் தயங்கியதற்கு மலேரியாவே போதுமான காரணம். மலையாளி என்ற அந்த மலைப் பழங்குடி மக்களுக்கு மருத்துவமனை எட்டாத தூரம். ஆகவே பிராண்ட் வீட்டுத் திண்ணையே மருத்துவமனை ஆனது. காலையில் வேத வாசிப்பு, ஜெபம். பிறகு வாசலில் காத்திருக்கும் கூட்டம். கட்டி அறுப்பது, பல் பிடுங்குவது, கொயினா கொடுப்பது. அதற்குப் பிறகு நடையாகவோ குதிரையிலோ அடுத்த ஊர். அங்கே பிரசங்கம், பள்ளிக்கூடம், தச்சுப் பட்டறை, ஆரஞ்சு நாற்று, பட்டுப்புழு வளர்ப்பு. வட்டிக்காரர்களிடம் மலைமக்கள் சிக்கியிருந்ததும் அவர் கண்ணில் பட்டது, அதிலும் தலையிட்டார். ஜெபத்தையும் ஊர்க்காரியத்தையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. இளம் தலைமுறைக்கு அந்தப் பெயரே தெரியாது. தெரியாமல் இருப்பது பெரிய பாக்கியம். தண்ணீரில் வாழும் கண்ணுக்கெட்டாத சிறு பூச்சிகளின் வயிற்றில் அந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் உடம்பில் ஓராண்டு வளர்ந்து, இரண்டு மூன்றடி நீளப் புழுவாகிக் காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாளாமல் நோயாளி காலைக் குளத்திலோ படிக்கிணற்றிலோ வைப்பார்; புழு தண்ணீரில் குஞ்சுகளைக் கொட்டும்; அதை ஊரே குடிக்கும். புழுவைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் அழுகும். ஒரு சிறு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச்சுற்றித்தான் எடுக்க வேண்டும். ஜெஸி பிராண்ட் அப்படிச் சுற்றி எடுத்ததைச் சிறுவனாக அருகில் நின்று பார்த்தவர் அவருடைய மகன் பால் பிராண்ட். புழுவை எடுப்பதோடு நிற்காமல், யாரும் காலை வைத்து இறங்க முடியாதபடி கிணற்றுக்குக் கல்சுவர் எழுப்பச் சொல்லி அப்பா ஊர் ஊராக மன்றாடியதைப் பிற்காலத்தில் மகன் எழுதினார்.

‘மன்றாட்டு’ என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஜெபத்துக்குச் சொல்லும் சொல் இங்கே கிணற்றடிக்கு வந்துவிட்டது. காலையில் கடவுளிடம் கேட்டதையே பகலில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டார். இரண்டில் எது கடினம் என்று அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இவ்வளவு செய்தும் முதல் ஆண்டுகளில் ஒருவரும் அவர்கள் மார்க்கத்துக்கு வரவில்லை. மருந்துக்கு வந்தார்கள், பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பவும் தொடங்கினார்கள். ஞானஸ்நானம் என்றதும் ஒதுங்கிக்கொண்டார்கள். உள்ளூர்ப் பூசாரி ஒருவர் எதிர்ப்பில் முன்னால் நின்றார். அவர் பக்கம் பார்த்தால் அதுவும் நியாயமே. தன் தெய்வத்தையும் தன் பிழைப்பையும் காப்பாற்றாத பூசாரி எதற்கு?

பிறகு 1918-19 இன்ஃப்ளூயன்சா வந்தது. இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் மலையையும் விடவில்லை. பயந்த மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். படுத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. ஜெஸியும் எவ்லினும் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். ஜெபித்தவர்களும் செத்தார்கள், ஜெபிக்காதவர்களும் செத்தார்கள். அந்த ஆண்டைப் பற்றி அற்புதக் கதை சொல்லக் கூடாது. எதிர்த்து நின்ற அதே பூசாரி படுத்த படுக்கையில் ஜெஸியைக் கூப்பிட்டனுப்பித் தன் பச்சிளம் பெண்குழந்தையை ஒப்படைத்தார். அந்தக் குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்து பிராண்ட் தம்பதி வளர்த்தார்கள். வேறு பல அநாதைக் குழந்தைகளும் பின்னால் வந்தன. மலையில் மக்கள் மனம் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

இதைச் சபைகளில் சாட்சியாகச் சொல்லும்போது, பார்த்தீர்களா ஜெபம் கேட்கப்பட்டது என்று முடிப்பது வழக்கம். அந்த முடிவில் அவசரம் தெரிகிறது. பிராண்ட் தம்பதி ஜெபத்தில் கேட்டது ஒரு பூசாரியின் சாவை அல்ல. ஆண்டுக்கணக்கில் தினமும் யாருக்காக ஜெபித்தார்களோ அவர்கள் நோயில் விழுந்தபோது அருகில் போகப் பயம் வரவில்லை. நடந்தது இவ்வளவே, இதுவே பெரிது. தனக்கு விரோதி என்று மற்றவர் நினைத்த ஒருவரை அன்றாடம் கடவுள் முன் நிறுத்திப் பழகியவருக்கு அவர் வீட்டு வாசல் அந்நியமாக இருக்காது.

ஜெஸியின் ஜெப வாழ்க்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. அவருக்குப் பூச்சிகள், கறையான் புற்று, பறவைகள், பாறை இடுக்குச் செடிகள் எல்லாம் பிடிக்கும். மகன் பாலையும் மகள் கோனியையும் கூட்டிக்கொண்டு நடக்கும்போது ஒரு கல்லைப் புரட்டிக் காட்டுவார், சிலந்தி வளையின் கதவைத் திறந்து காட்டுவார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியது எவ்லின். பால் பலாமரத்தில் ஏறி உட்கார்ந்து கணக்குப் போட்டு, விடைத்தாளைக் கீழே போடுவானாம். 1923-இல், ஒன்பது வயதில், படிப்புக்காக அவன் இங்கிலாந்தில் விடப்பட்டான். அதன் பிறகு அப்பா கடிதமாக மட்டுமே வந்தார். கடைசிக் கடிதம், மலை முகட்டில் தனியாகக் குதிரையில் போனபோது மனதில் ஓடியதைப் பற்றியது. இந்த உலகத்தை ரசிப்பதற்குத் தாவர நூலும் விலங்கு நூலும் படித்திருக்க வேண்டியதில்லை, உற்றுப் பார்த்தால் போதும், இப்படியோர் இடத்தில் நம்மை வைத்தவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கலாம் என்ற கருத்தில் எழுதியிருந்தார். கேட்பது ஒன்றுமில்லாத ஜெபம் அது. விண்ணப்பங்களே நிறைந்த நம் ஜெபக் கூட்டங்களில் இந்த வகை அரிது.

அந்தக் கடிதம் போய்ச் சேருவதற்கு முன் தந்தி போய்ச் சேர்ந்துவிட்டது. 1929 ஜூன் 15 அன்று ஜெஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி இரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகும் நோய். வயது 44. ஊரார் காய்ச்சலுக்கெல்லாம் மருந்து கொடுத்தவரைக் காய்ச்சல் கொண்டுபோனது. எவ்லினுக்கு அப்போது ஐம்பது.

ஜெபம் பலிக்குமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் நின்று கேட்க வேண்டும். அவர் பிழைக்க வேண்டும் என்று மனைவி ஜெபித்திருக்க மாட்டாரா? மலைமக்கள் அழுதிருக்க மாட்டார்களா? இந்தக் கேள்வியை எண்களால் தீர்க்கப் பார்த்தவர்களும் உண்டு. 1872-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிவியலாளர் ஒரு கணக்குப் போட்டார். இங்கிலாந்தின் எல்லாக் கோயில்களிலும் வாரந்தோறும் அரசருக்கு நீண்ட ஆயுள் கேட்டு ஜெபிக்கிறார்கள். அரச குடும்பத்தார் மற்ற வசதியுள்ளவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்களா? இல்லை, குறைவாகவே வாழ்கிறார்கள் என்று கண்டார். 2006-இல் அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாதவர்களிடையே, ஜெபிக்கப்பட்டவர்களுக்கும் ஜெபிக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசமில்லை. 52, 51 சதவீதம் பேருக்குப் பின்விளைவுகள் வந்தன. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் அது 59 சதவீதமாக ஏறியிருந்தது. ‘ஆள் வைத்து ஜெபிக்கிற அளவுக்கா நம் நிலைமை மோசம்’ என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று ஒரு ஊகம் உண்டு. சிரிக்க வைக்கும் ஊகம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று உரக்க ஜெபிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது பொய்யாகத் தோன்றாது.

இந்த ஆய்வுகளை விசுவாசிகள் பழிக்கத் தேவையில்லை, பயப்படவும் தேவையில்லை. அவற்றில் முன்பின் தெரியாத நோயாளியின் பெயரைக் கையில் கொடுத்து, சொன்ன நாளுக்கு ஜெபிக்கச் சொன்னார்கள். கால்டன் கணக்கிலும் அப்படியே. அரசரின் ஆயுளுக்கு ஜெபித்த குடியானவர் அரசரைப் பார்த்ததில்லை. ஜெபித்தவர் மறுநாள் கஞ்சிப் பாத்திரத்தோடு யார் வீட்டுக்கும் போக வேண்டியிராத ஜெபங்கள் அவை. கொல்லிமலையில் நடந்ததை அளக்க அந்த அளவுகோல் எட்டாது. கிறிஸ்தவ வேதமும் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்ற வியாபாரத்தைச் சொல்லவில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கேட்டது கிடைக்கவில்லை. பவுல் மூன்று முறை கேட்டும் உடம்பிலிருந்த முள் எடுபடவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் சாப்பாட்டுக்கு உள்ள வேண்டுதல் அன்றைய சாப்பாட்டோடு நின்றுவிடுகிறது. அடுத்த மாத அரிசிக்கு அதில் இடமில்லை. தினக்கூலிக்காரரின் கணக்கு அது. வேலூர்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கும் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறவருக்கும் விரிவுரை இல்லாமலே விளங்கும்.

கணவர் போன பிறகு எவ்லின் இங்கிலாந்து போனார், உடைந்துபோயிருந்தார். பிறகு திரும்பி வந்தார். மிஷன் சமவெளியில் வேலை கொடுத்தது; கொல்லிமலைக்கு அனுப்பவில்லை. அந்த ஆண்டுகளைப் பற்றிப் புத்தகங்கள் சுருக்கமாகக் கடந்துவிடுகின்றன. ஓய்வுக்குப் பிந்தைய ஆண்டுகள்தான் பேசப்படுகின்றன, பேசத் தக்கவையும் கூட. மலைக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார், கூடாரத்தில் தங்கினார், மருந்து கொடுத்தார், நரம்புச் சிலந்திப் புழுவோடு கணவர் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். விழுந்து இடுப்பு முறிந்தது. போதும், வந்துவிடுங்கள் என்று மகன் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார், மற்ற நேரம் குதிரை. கடைசி இருபது ஆண்டு வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். முகம் பார்க்கும் நேரத்தை மிச்சம் பிடித்தாரோ என்னவோ. ஐந்து மலைகளிலும் ஊழியம் தொடங்கிய பிறகே அவர் கண்ணை மூடினார். நரம்புச் சிலந்தி இந்தியாவில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-ஆம் ஆண்டில். அதைப் பார்க்க அவர் இல்லை.

மகன் பால் பிராண்ட் அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூருக்கு வந்தார். நம் வேலூர் அல்ல, சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிற வட வேலூர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி போனதால் சுட்டும் வெட்டியும் எலி கடித்தும் சேதமாகின்றன என்று கண்டறிந்து சொன்னவர் அவர். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை வளர்த்தவரும் அவரே. சி.எம்.சி.யில் கத்தியைத் தொடும் முன் நோயாளிக்காக ஜெபிப்பது வழக்கம். இன்றும் அது நடக்கிறது. எந்த மதத்து நோயாளியும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மயக்க மருந்து தயாராக இருக்கும், இரத்தம் பொருத்திப் பார்த்திருப்பார்கள், எக்ஸ்ரே வெளிச்சத்தில் தொங்கும். ஜெபம் இவற்றில் எதையும் குறைக்காது. நம் பக்கத்துச் சில ஜெப வீடுகளில் காசநோய் மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை. இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகி வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றலாம். ஜெஸி பிராண்ட் மாத்திரையும் கொடுத்தார், ஜெபமும் செய்தார். ஒன்றை விட்டால்தான் மற்றது வேலை செய்யும் என்று நினைக்கவில்லை.

ஜெப வீடுகளின் ஒலிபெருக்கி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கூம்பு ஒலிபெருக்கி வைத்து ராத்திரி பதினொன்றுக்கு ஜெபிப்பவர் பக்கத்துத் தெருக் கைக்குழந்தைக்காக ஜெபிக்கவில்லை என்பது உறுதி. ஈரோட்டில் நெடுங்காலம் ஊழியம் செய்த எச்.ஏ. பாப்லி ஐயர் இதற்கு நேர்மாறான வழியைப் பிடித்தார். தமிழ் இசையைக் கற்றார், கதாகாலட்சேபம் செய்தார், 1921-இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலமாக்கினார். ஊர் மக்களின் காதுக்கு இணங்கிய ராகத்தில் துதி பாடினால் ஊர் நின்று கேட்கும் என்று அவர் நம்பினார். கீர்த்தனை பாடித் தொடங்கும் குடும்ப ஜெபம் இன்றும் நம் வேதக்கோயில் வீடுகளில் இருப்பதற்கு, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் தொடங்கிப் பாப்லி வரை பலர் காரணம்.

நாமக்கல் பக்கத்து வேலை நேரங்கள் குடும்ப ஜெபத்துக்கு வசதியானவை அல்ல. லாரி ஓட்டுநர் நாக்பூரில் இருப்பார். கோழிப்பண்ணையில் முட்டை எடுப்பவர் விடியும் முன் எழ வேண்டும். விசைத்தறியில் இராத்திரி ஷிப்ட். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு போனவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. பாயை விரித்து எல்லாரும் சேர்ந்து உட்காரும் மாலை ஜெபம் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. இதைச் சொல்லிப் புலம்பும் போதகர்கள் உண்டு. புலம்பலில் பாதி நியாயம். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவியபடியே கடவுளோடு பேசிக்கொண்டிருந்த சகோதரர் லாரன்ஸுக்கும் தனி ஜெப நேரம் சமையல் நேரமாகத்தான் இருந்தது. சாவியைத் திருகும் முன் ஸ்டீயரிங்கில் கை வைத்து அரை நிமிடம் கண் மூடும் ஓட்டுநரின் ஜெபத்தைச் சின்னது என்று தள்ள முடியாது.

தாள்தான் இடம் மாறியிருக்கிறது. வேதப் புத்தகத்துக்குள் இருந்த குறிப்பு இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. திருப்பூரில் தையல் வேலைக்குப் போன மகள், துபாயில் இருக்கும் மருமகன், வீட்டில் மாமியார் என்று மூன்று இடத்திலிருந்து ஒரே அழைப்பில் சேர்கிறார்கள். துபாயில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் பத்து மணிக்கு மேல்தான் முடிகிறது. பெயர்களை யாரோ ஒருவர் வாசிக்கிறார். அக்கா வீட்டுப் பிரசவம், பக்கத்துக் காட்டுக்காரரின் வறண்ட போர்வெல், ஆபரேஷனுக்கு நாமக்கல் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் மளிகைக் கடை அண்ணன். அவர் சபையைச் சேர்ந்தவர் இல்லை. ஜெபம் பண்ணுங்கள் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் சேர்த்தது. ஆமென் சொன்ன பிறகு அழைப்பு துண்டிக்கப்படுவதில்லை. நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோவது யார், எந்த பஸ்ஸில் என்பது இன்னும் முடிவாகவில்லை.